ஒளியில் மறைந்தாரா? உடைந்த அணியால் வீழ்ந்தாரா?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் இன்றும் ஒரு கதை உலவுகிறது. கும்பினியாரிடம் சிக்கிய பூலித்தேவர் கோயிலுக்குள் சென்று தொழுதாராம், கைவிலங்கு தெறித்ததாம், பேரொளி எழுந்ததாம், அவ்வொளியிலே அவர் மறைந்தாராம்! கேட்போர் கண் பனிக்கிறது, கருத்தோ உறங்கிவிடுகிறது. அம்மாவீரர் வீழ்ந்தது ஏன் என்ற கேள்வியை அந்த ஒளி விழுங்கிவிடுகிறதே, அதுவே இக்கதையின் பெருங்குற்றம்.

விடையை மண்ணிலே தேடுவோம். 1755-இல் ஆர்க்காட்டு நவாபின் வரிவேட்டைக்குத் துணையாகக் கர்னல் ஹெரான் படையோடு தெற்கே வந்தான். நெற்கட்டுஞ்செவல் பாளையக்காரரான பூலித்தேவர் மேற்குப் பாளையங்களை ஓரணியாகத் திரட்டினார். திருவிதாங்கூர் 2,000 வீரரை அனுப்பிற்று. களக்காட்டுப் போரில் நவாபின் உடன்பிறந்தானான மாபூசுகானின் படை தோற்றோடிற்று. கூட்டணியின் ஆற்றலுக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆனால் அவ்வணியின் உள்ளே உற்று நோக்குங்கள். மறவர் பாளையங்களுள் சிவகிரி சேரவில்லை. எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் ஒதுங்கி நின்றன. சேர்ந்தோரைப் பிணைத்ததோ பொதுவான அச்சம். அச்சம் போட்ட முடிச்சை ஆசை அவிழ்க்கும்! கும்பினித் தளபதி யூசுப்கான் இதனை அறிந்தவன். களக்காட்டுப் பகுதியை விட்டுக்கொடுத்துத் திருவிதாங்கூரைத் தன்பால் இழுத்தான். ஐதர் அலியிடம் வேண்டிய உதவி வரவில்லை. மராட்டியருடன் அவருக்குப் போர். 1761 சனவரியில் புதுச்சேரி வீழ, பிரெஞ்சுத் துணை என்ற நம்பிக்கையும் வீழ்ந்தது. சேத்தூரும் ஊற்றுமலையும் சுரண்டையும் அணி மாறின. அவ்வாண்டு மே மாதத்தில் நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகள் பறிபோயின. 1764-இல் நெற்கட்டுஞ்செவலை அவர் மீட்டும், 1767-இல் காம்பெல் படை அதனை மீண்டும் கைப்பற்றிற்று.

விலகியோர் வாழ்ந்தனரா? வென்று கொடுத்த யூசுப்கானையே 1764-இல் அவன் எசமானர்கள் தூக்கிலிட்டனர். 1801-இல் பாளையக்காரர் முறையே ஒழிந்தது.

வல்லரசுப் போட்டி நிறைந்த நம் காலத்துக்கும் இப்பாடம் பொருந்தும். 1954-இல் எழுந்த தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பில் பாகிஸ்தானும் ஓர் உறுப்பு நாடு. 1965, 1971 போர்களில் அவ்வமைப்பு அதற்குத் துணை நிற்கவில்லை; 1977-இல் கலைந்தே போயிற்று. ஒப்பமிட்ட கைகளை எண்ணிப் பயனென்ன? தாக்குண்டவனுக்காக எவன் வருவான், எதிரி நிலம் தந்து அழைத்தாலும் எவன் அசையான் என்பதன்றோ கணக்கு!

இளைஞர்காள்! ஒளியில் கலந்தார் என்று கைகூப்பினால் ஒரு கதை மிஞ்சும். அணி உடைந்த காரணத்தை ஆராய்ந்தால் அறிவு மிஞ்சும். அவ்வீரர்க்கு நாம் செலுத்தும் மரியாதை எது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.