கேட்கத் தோதான பிளேயர், சேர்க்கத் தோதில்லை

ஆடியோ-டெக்னிகாவின் ஏ.டி.-எல்.பி.60எக்ஸ் ரெக்கார்ட் பிளேயரில் 'ஸ்டார்ட்' பட்டனை அழுத்தினால் போதும். கை தானே எழும்பி, தட்டின் விளிம்புக்கு நகர்ந்து, மெல்ல இறங்கும். ஒரு பக்கம் முடிந்ததும் தானே திரும்பிப் படுத்துக்கொள்ளும். ஊசியை விரலால் இறக்கும்போது கை நடுங்கித் தட்டைக் கீறிவிடுவோமோ என்ற பயம், புதிதாக எல்.பி. வாங்குகிற எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்துக்கு இது மருந்து. பெட்டியைப் பிரித்ததும் அலுமினியத் தட்டத்தை வைத்து, அதன் அடியிலிருக்கும் ரப்பர் பெல்ட்டை மோட்டார் உருளையில் நாம்தான் மாட்டிவிட வேண்டும். மற்றபடி அமைப்பு வேலை எதுவுமில்லை.

சோதிக்க எடுத்த தட்டு, ஆனந்த சங்கர் 1970இல் ரிப்ரைஸ் நிறுவனத்துக்காகச் செய்த முதல் ஆல்பம். சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் 'கல்பனா' எடுத்தாரே உதயசங்கர், அவருடைய மகன். ரவிசங்கரின் அண்ணன் மகன். சிதார் கற்றது மட்டும் சித்தப்பாவிடம் அல்ல, லால்மணி மிஸ்ராவிடம். லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய், சிதாரையும் தபலாவையும் அப்போது புதுசாக வந்திருந்த மூக் சின்தசைசரோடும் டிரம்ஸோடும் கலந்துவிட்டார். ரோலிங் ஸ்டோன்ஸ், டோர்ஸ் பாட்டுகளைச் சிதாரில் வாசித்ததுதான் அந்தத் தட்டின் பேச்சாகிப்போனது. எனக்கு அவை இரண்டும் சுமார்தான். விஷயம் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

அந்தப் பக்கத்தின் முதல் உருப்படி 'சாகர்', பதின்மூன்று நிமிடம். தாளம் அவசரப்படுவதே இல்லை. மூக் அடியில் முனகிக்கொண்டே கிடக்க, சிதார் மேலே மேலே வந்து போகிறது. சைகடெலிக் ராக் என்றாலே கூச்சலும் புகையும் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். நம்மூர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடுச்சாமத்தைத் தாண்டிய பிறகு ஒரு மயக்கம் வருமே, அதற்கு இது அவ்வளவு தூரமில்லை. இந்த பிளேயர் 'சாகரை' நன்றாகவே கையாளுகிறது. சிதாரின் மீட்டு கூர்மையாக விழுகிறது. மூக்கின் அடி ஒலி கொஞ்சம் மெலிவுதான். ஆனால் சுழற்சியில் தள்ளாட்டம் காதுக்குத் தெரியவில்லை. நீண்டு ஒலிக்கும் ஒற்றைச் சுரத்தில்தான் வேகத் தள்ளாட்டம் முதலில் காட்டிக்கொடுக்கும், ஆகவே இது சின்னப் பாராட்டு அல்ல.

சறுக்கல் கடைசி உருப்படியான 'ரகுபதி'யில். கோரஸ் குரல்களின் 'ச'கர ஒலிகள் லேசாகச் சீறுகின்றன. காரணம் எளிது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது மாறுவதில்லை. ஆனால் விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது என்றால், மையத்தை நெருங்கும்போது 21தான். அதே ஒலி பாதி இடத்துக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. இந்த பிளேயரில் வரும் கூம்பு வடிவ ஊசிக்கு அந்த நெருக்கத்துக்குள் முழுசாக நுழைய முடியாது. நீள்வட்ட முனை ஊசி இன்னும் நன்றாக நுழையும். ஆனால் இந்தக் கையில் எடைக்கல் கிடையாது, அழுத்தத்தை மாற்றும் வழியும் கிடையாது. வேறு கார்ட்ரிட்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசைக்கு இடமில்லை. ஊசி தேய்ந்தால் அதை மட்டும் உருவிவிட்டுப் புதிது செருகலாம்.

உள்ளேயே போனோ ப்ரீஆம்ப் இருப்பது பெரிய வசதி. தட்டில் பள்ளம் வெட்டும்போது அடி ஒலியைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். வாசிக்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். பின்புற ஸ்விட்சை 'லைன்' பக்கம் தள்ளினால் அந்த வேலை பிளேயருக்குள்ளேயே முடிந்துவிடும். வீட்டில் கிடக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளையில் நேராகச் செருகலாம். நான் அப்படிச் செருகி ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டபோது பக்கத்து வீட்டுப் பெரியவர், "என்ன மக்கா, கொடைக்கு ரேடியோ செட்டு எடுத்திருக்கியா?" என்றார். அவர் தலைமுறைக்கு எல்.பி. என்றால் மைக் செட்டுக்காரர் பெட்டியிலிருந்து எடுக்கும் கறுப்புத் தட்டு.

நாஞ்சில் நாட்டு வீடுகளுக்கு இரண்டு எச்சரிக்கை. மரப் பலகை போட்ட மச்சில் வைத்தால் யாராவது நடக்கும்போதெல்லாம் ஊசி குதிக்கும். பிளேயர் மூன்று கிலோகூட இல்லை. கீழ்த்தளத்தில், கனமான கடப்பாக்கல் பலகைமேல் வையுங்கள். அடுத்தது ஈரம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. போதாததற்குக் கடற்காற்று வேறு. அட்டை உறை பூசணம் பிடிக்கும், பிறகு தட்டிலும் ஏறும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்கவைத்து அடுக்கினால் வளையும்.

இனிச் சேகரிப்பு. ஆனந்த சங்கரின் 1975 ஆல்பம் இங்கேயே கிராமபோன் கம்பெனி வெளியிட்டது. 1990களில் லண்டன் டி.ஜே.க்கள் அதிலிருந்த 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா'வைக் கண்டெடுத்த பிறகு பழைய பிரதிகளின் விலை எங்கோ போய்விட்டது. சிம்லா சிகரெட் விளம்பரத்துக்காக நடந்த போட்டியிலிருந்து தொகுத்த 'சிம்லா பீட் 70', அதில் சென்னையின் கன்ஃப்யூஷன்ஸ் குழுவும் உண்டு, அசல் பிரதியாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு. பம்பாயின் அடாமிக் ஃபாரஸ்ட் குழுவை அமெரிக்காவின் நவ்-அகெய்ன் நிறுவனம் 2011இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. கேட்பதற்கு மறுபதிப்பே போதும் என்பேன். அசலுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி அட்டைக்குப் போகிறது.

மறுபதிப்புகளை வாங்கிக் கேட்கிறவருக்கு இந்த பிளேயர் தாராளமாகப் போதும். பரணிலிருந்து எதையாவது இறக்கிச் சேர்க்கத் தொடங்குகிறவருக்கு ஆகாது. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் கிடைப்பது பெரும்பாலும் 78 சுற்றுத் தட்டுகள். ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன், மதுரத்தோடு பாடியவைகூடச் சிக்கலாம். இதில் 33⅓, 45 என்ற இரண்டு வேகம்தான். பழைய தட்டின் பள்ளம் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம் என்பதால் ஊசியும் வேறு வேண்டும். அப்படி ஏதாவது கைக்கு வந்தால், எல்.பி.யைத் துடைக்கிற ஆல்கஹால் கலவையை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது அரக்கு, கரைந்துவிடும்.