ஒற்றை வரி ஸ்கிரிப்ட் கேட்காத கேள்விகள்

ஒரு ஃபோல்டர் நிறைய ஆடியோ கோப்புகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே அடியாக வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டும், என்ன செய்யலாம் என்று யாரிடம் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். எஃப்எஃப்எம்பெக்கைப் போட்டுக்கொள், டெர்மினலைத் திற, இந்த ஒரு வரியை ஒட்டு, என்டர் தட்டு, போய் காபி குடித்துவிட்டு வா.

அந்த ஒரு வரியை இங்கே தமிழில் விரித்து எழுதுகிறேன்:

ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு வேவ் கோப்புக்கும்:
எஃப்எஃப்எம்பெக்கால் எம்பி3 ஆக்கு, கேள்வி கேட்காதே;
நல்லபடியாக முடிந்தால் வேவ் கோப்பை அழித்துவிடு.

கவிதையையும் நாவலையும் விமர்சிக்கிறோம். எத்தனையோ கணினிகளில் ஓடுகிற இந்த வரியை யாரும் ஒரு பிரதியாக உட்கார்ந்து வாசிப்பதில்லை. நான் வாசிக்கிறேன். அதற்கு எனக்குச் சொந்தக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

முதலில் பாராட்டு

நியாயமாகப் பார்த்தால் இது அழகான வரி. ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் அநேகமாக எந்த ஊடக வடிவத்தையும் படிக்கும், எழுதும். யூனிக்ஸில் பைப் வந்தது 1973-இல். சின்னச் சின்னக் கருவிகளைக் கோர்த்துப் பெரிய வேலையை முடிப்பது என்ற அந்தக் காலத்துச் சிந்தனையின் பேரப்பிள்ளைதான் இந்த வரி. முன்னூறு கோப்புகளை மௌஸால் ஒவ்வொன்றாகத் திறந்து, சேமித்து, மூடியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். கை வலிக்காது, நடுவில் எண்ணிக்கை தவறாது, நாளைக்கு மறுபடியும் அதே மாதிரி செய்யலாம்.

ஆனால் இந்த வரிக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஃபோல்டர் என்பது கோப்புகளின் வெறும் கூட்டல், ஒரு கோப்புக்குச் சரியாக வேலை செய்தால் முன்னூறுக்கும் சரியாக வேலை செய்யும் என்ற நம்பிக்கை. என் விமர்சனம் முழுக்க அதன் மேல்தான்.

பெயர் என்னும் வில்லங்கம்

யூனிக்ஸ் வகைக் கணினிகளில் கோப்புப் பெயரில் சாய்கோடும் சுழி பைட்டும் தவிர எது வேண்டுமானாலும் வரலாம். இடைவெளி, மேற்கோள் குறி, முதல் எழுத்தாகக் கழித்தல் குறி, ஏன், புது வரிக் குறியே வரலாம். மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் போடாவிட்டால் ‘முத்துப்பட்டன் கதை’ என்ற ஒரு கோப்பு, ஷெல்லின் கண்ணுக்கு ‘முத்துப்பட்டன்’, ‘கதை’ என்று இரண்டாகிவிடும்.

புதியவர்கள் செய்கிற பிழைதானே என்று தோன்றலாம். 2001 நவம்பரில் வந்த ஐடியூன்ஸ் 2.0-இன் மேக் நிறுவி, பெயரில் இடைவெளி இருந்த டிஸ்க்குகளில் தரவுகளை அழித்தது. நிறுவி ஸ்கிரிப்டின் அழிக்கும் வரியில் மேற்கோள் குறி விட்டுப்போயிருந்தது. உடனே அதைத் திரும்பப் பெற்று 2.0.1 வெளியிட வேண்டியதாயிற்று. 2015 ஜனவரியில் லினக்ஸ் ஸ்டீமில் இதன் தம்பி வந்தான். ஒரு மாறி காலியாக இருந்தது, அதற்குக் கீழே உள்ளதை எல்லாம் அழி என்ற கட்டளை, பயனர் அழிக்கக்கூடிய எல்லாவற்றையும் அழி என்று ஆகிவிட்டது. அனுபவசாலிகளுக்கே இந்தக் கதி.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு வில்லங்கம் இன்னும் ஒரு படி மேலே. ‘கொடை’ என்று தட்டுகிறீர்கள். அதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை இரண்டாகப் பிரித்துத்தான் சேமிக்கும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும். ஆகவே மேக்கிலிருந்து வந்த கொடையும் லினக்ஸில் தட்டிய கொடையும் ஒரே ஃபோல்டரில் இரண்டு கோப்புகளாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ‘கொடை’ என்று தொடங்குவதை எல்லாம் எடு என்றால் ஸ்கிரிப்ட் ஒன்றை எடுக்கும், மற்றதைக் கண்டுகொள்ளாது. பிழைச் செய்தியும் வராது.

நீளமும் ஒரு பிரச்சினை. இஎக்ஸ்டி4-இல் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், ‘கொ’, ‘க்’ போன்றவற்றுக்குக் குறைந்தது 6 பைட். ஆங்கிலத்தில் 250 எழுத்துத் தலைப்பு வைக்க முடிகிற இடத்தில் நமக்கு ஐம்பது, அறுபது எழுத்திலேயே கதவு மூடிவிடும். ஒற்றை வரிகளை எழுதுகிறவர்களின் சோதனைக் கோப்புகள் பெரும்பாலும் ‘ஃபைல்1’, ‘ஃபைல்2’ என்று ஆங்கிலத்தில் இருப்பதால் இதெல்லாம் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

பட்டியலைத் தின்னும் கருவி

ஒற்றை வரியின் இன்னொரு வடிவம், ஃபைண்ட் கட்டளையால் பட்டியல் எடுத்து, ஒரு லூப்புக்குள் ஒவ்வொரு வரியாகப் படித்து எஃப்எஃப்எம்பெக்கிடம் கொடுப்பது. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஓட விட்டால் சில கோப்புகள் மாறியிருக்கும், சில காணாமல் போயிருக்கும், சில பெயர்கள் தலை இல்லாமல் வந்து, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று செய்தி வரும்.

காரணம் எளிமையானது. எஃப்எஃப்எம்பெக் ஓடிக்கொண்டிருக்கும்போதே விசைப்பலகையைக் கவனிக்கும். க்யூ தட்டினால் நிறுத்திவிடும், சி தட்டினால் கட்டளை கேட்கும். லூப்புக்குள் அதற்கு விசைப்பலகையாகத் தெரிவது நம் கோப்புப் பட்டியல்தான். மீதமுள்ள பெயர்களை அது எழுத்து எழுத்தாகத் தின்றுகொண்டே இருக்கிறது. ஆங்கிலப் பெயர் ஒன்றில் க்யூ வந்தால் பாதிப் பாட்டோடு நிறுத்தி, நல்லபடியாக முடிந்தது என்றும் சொல்லிவிடும். ‘நோ-எஸ்டிடிஇன்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், தீர்ந்தது. ஒற்றை வரிகளில் அந்தச் சொல் இருப்பது அபூர்வம்.

என் கதை

குமரி, நெல்லைப் பக்கத்துக் கோயில் கொடைகளில் பாடிய வில்லுப்பாட்டு கேசட்டுகளை ஒரு காலத்தில் தேடித்தேடி வாங்கிக் கணினியில் ஏற்றினேன். 19 நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர். கதைப் பகுதிகளுக்குக் கதையின் பெயரும் எண்ணும் வைத்தேன். ஆனால் எல்லா ஃபோல்டரிலும் மூன்று கோப்புகளுக்கு ஒரே பெயர்: காப்பு, குருவடி, வாழி. வில்லுப்பாட்டில் அந்த மூன்றும் எப்போதும் உண்டே, வேறு என்ன பெயர் வைப்பது? மொத்தம் 233 வேவ் கோப்புகள்.

வேவ் என்றால் சிடி தரத்திலேயே நிமிஷத்துக்கு 10 எம்பி. டிஸ்க் நிறைந்துகொண்டே வந்தது. ஒரு ராத்திரி, மேலே எழுதிய அந்த ஒற்றை வரியை ஓட விட்டேன். நான் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று: உள் ஃபோல்டர்களுக்குள்ளும் போ, வெளியீட்டை எல்லாம் ஒரே இடத்தில் சேர்.

காலையில் பார்த்தேன். ஃபோல்டர் நிறைய எம்பி3. நாலைந்தைப் போட்டுக் கேட்டேன், நன்றாக இருந்தது. கேசட்டுகளைச் சொந்தக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, எந்தப் பாடகர் யாரிடம் பாடம் கேட்டார் என்று ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. குருவடி என்று ஒரே ஒரு கோப்பு இருந்தது. காப்பு ஒன்று, வாழி ஒன்று. 233 இருக்க வேண்டிய இடத்தில் 179. ஒரே பெயரில் வந்த அடுத்த கோப்பு முந்தையதன் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது, 54 முறை. கேள்வி கேட்காதே என்று நான்தானே சொல்லியிருந்தேன்? ஒவ்வொரு முறையும் எஃப்எஃப்எம்பெக் நல்லபடியாக முடிந்தது என்றது, ஒவ்வொரு முறையும் மூல வேவ் அழிந்தது. ஓடி ஓடிப் போய்க் கேட்டேன். சில கேசட் பூஞ்சை பிடித்துப்போயிருந்தது, சில வீடு இடித்துக் கட்டியபோது குப்பைக்குப் போயிருந்தது. குருவடியில்தான் பாடகர் தன் ஆசானைப் பாடுவார். எனக்கு வேண்டிய பெயர்கள் இருந்த இடம் அதுதான்.

இதில் எஃப்எஃப்எம்பெக்கின் குற்றம் எதுவும் இல்லை, ஷெல்லின் குற்றமும் இல்லை. மேற்கோள் குறி எல்லாம் சரியாகவே போட்டிருந்தேன். ஷெல்செக் போன்ற கருவியிடம் கொடுத்திருந்தால் அதுவும் சரி என்றுதான் சொல்லியிருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் அந்த வரி சரி, ஃபோல்டருக்குத் தவறு. இரண்டு கோப்புகளுக்கு ஒரே வெளியீட்டுப் பெயர் வருமா என்பது கோப்பைப் பார்த்துக் கேட்கிற கேள்வியே கிடையாது, ஃபோல்டரைப் பார்த்துக் கேட்க வேண்டியது. இந்த வரிக்கு ஃபோல்டரே தெரியாது.

ஒரு எழுத்து மாறியிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். கேள்வி கேட்காமல் மேலே எழுத ‘மைனஸ் ஒய்’. அதற்குப் பதில் ‘மைனஸ் என்’ போட்டால், அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் எழுதாமல் பிழை சொல்லி நின்றுவிடும். பிழை என்றால் மூலம் அழியாது. ஒய்க்கும் என்னுக்கும் நடுவில் 54 பாட்டு.

‘தூக்கிப் போடுகிற ஸ்கிரிப்ட்தானே?’

இந்த விஷயத்தை நண்பர்களிடம் சொன்னால் வருகிற பதில், ஒரு தடவை ஓடி முடிகிற ஸ்கிரிப்டுக்கு இவ்வளவு யோசனையா என்பது. எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. அலுவலகத்தில் தினமும் ஓடுகிற நிரலில் பிழை இருந்தால் நாளைக்கே யாராவது சத்தம் போடுவார்கள், திருத்திவிடலாம். ஒரு தடவை ஓடும் ஸ்கிரிப்டுக்கு அந்த இரண்டாவது நாள் கிடையாது. ஸ்கிரிப்டைத் தூக்கிப் போடலாம், அது செய்ததைத் தூக்கிப் போட முடியாது.

இன்னொரு பதில், நீ ஏன் மூலத்தை அழித்தாய் என்பது. அது முழுக்க நியாயம். அதுவும் எம்பி3-க்காக அழித்தேன். பிட்ரேட் எதுவும் சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் எம்பி3-ஐ 128 கேபிபிஎஸ்ஸில் எழுதும். வில்லின் மணியோசை மாதிரிக் கூர்மையான உலோகச் சத்தம்தான் அந்தத் தரத்தில் முதலில் அடி வாங்கும். தப்பிய 179-இலும் மணி சலசலவென்றுதான் கேட்கிறது. ஃப்ளாக் 2001-லிருந்தே இருக்கிறது, ஒரு துளி ஒலி போகாமல் அளவைக் கணிசமாகக் குறைக்கும். மூல ஒலியின் எம்டி5 கைரேகையைக் கோப்புக்குள்ளேயே எழுதி வைப்பதால், பின்னால் என்றைக்கு வேண்டுமானாலும் ஒலி கெடாமல் இருக்கிறதா என்று சோதிக்கலாம். சேமித்து வைப்பதற்கு ஃப்ளாக், கேட்பதற்கு எம்பி3 என்று பிரித்திருக்க வேண்டும்.

இப்போது எழுதும் விதம்

என் ஸ்கிரிப்ட் இப்போது நாற்பது வரி. முதல் ஓட்டத்தில் எதையும் தொடாது. எந்தக் கோப்பு எந்தப் பெயருக்குப் போகும் என்று பட்டியல் மட்டும் அச்சிடும். எல்லாப் பெயரையும் ஒரே யூனிகோடு வடிவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடும். இரண்டு ஒன்றானால் அங்கேயே நின்றுவிடும். வெளியீட்டில் மூல ஃபோல்டரின் பெயரும் இருக்கும். தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக முடிந்த பிறகே சரியான பெயருக்கு மாற்றும், நடுவில் கரண்ட் போனால் பாதிக் கோப்பு முழுக் கோப்பு மாதிரி நடிக்கக் கூடாது பாருங்கள். கடைசியில் உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை, நிமிஷக் கணக்கு கூடி வருகிறதா என்று சொல்லும். அழிக்கும் கட்டளை அதில் எங்கேயும் கிடையாது. அழிப்பது தனி வேலை, வேறொரு நாளில், பட்டியலைப் பார்த்துக் கையால்.

எல்லாரும் நாற்பது வரி எழுத வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஒற்றை வரியைச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இரண்டை மட்டும் மாற்றினால் போதும்: ஒய்யை என் ஆக்குங்கள், அழிக்கிற பாதியை வெட்டி எறியுங்கள். வரி இன்னும் சின்னதாகத்தான் ஆகும்.

மிஞ்சிய அந்த ஒரு குருவடி யாருடையது என்பதும் ரொம்ப நாள் தெரியவில்லை. பாடகர் ஆசான் பெயரைச் சொல்கிறார், தன் பெயரைச் சொல்லவில்லை. கோப்புகள் எழுதப்பட்ட நேரத்தை நொடிக் கணக்கில் வரிசைப்படுத்திப் பார்த்தேன். இசக்கியம்மன் கதையின் மூன்றாம் பகுதிக்கும் நாலாம் பகுதிக்கும் நடுவில் அது விழுந்தது. ஸ்கிரிப்ட் கடைசியாக நுழைந்த ஃபோல்டர் அது. அந்த ஒரு பாடகருக்கு மட்டும் என் குறிப்பில் ஆசான் பெயர் இருக்கிறது. மற்ற பதினெட்டுப் பேருக்கு நேராகக் கட்டம் காலியாகவே இருக்கிறது.