நிழலில் நின்ற இசைவாணர்

ஆசானின் பெருமை மாணாக்கனுக்கு ஏணியாவதும் உண்டு. சில வேளைகளில் அதுவே தாழ்ந்த கூரையாகி அவனை நிமிரவிடாமல் தடுப்பதும் உண்டு. மேனாட்டு இசை வரலாற்றில் இவ்விரண்டையும் ஒருங்கே கண்டவர் பெர்டினண்ட் ரீஸ். 1784ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்து, 1838ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகரில் மறைந்த இவர் எட்டுச் சிம்பொனிகளை இயற்றியவர். எனினும் இவர் மறைந்த பின்னர் இசை நூல்கள் பெரும்பாலும் இவரைப் பற்றிக் கூறிவந்தது ஒன்றே: இவர் பீத்தோவனின் மாணாக்கர். அந்த ஒரு வரிக்கு அப்பாலும் இவரிடம் கேட்கத்தக்கது ஏதேனும் உண்டா என்னும் வினாவுக்கு இசைத்தட்டுகள் இன்று விடை தருகின்றன. அவ்விடையைச் சீர்தூக்கிப் பார்த்தல் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் பயன்தரும்.

சிம்பொனி என்பது பல்லியத்துக்கென இயற்றப்படும் பெரிய இசையாக்கம். வயலின் முதலிய நரம்புக் கருவிகளும், குழல், கிளாரினெட், கொம்பு முதலிய காற்றுக் கருவிகளும், முரசும் ஒருவர் கைக்குறிப்புக்கு இணங்கி ஒலிக்கும் கூட்டமே பல்லியம். சிம்பொனி பெரும்பாலும் நான்கு பகுதிகளாக அமையும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விசை வடிவத்தின் எல்லைகளையெல்லாம் விரித்தவர் பீத்தோவன். அவர் வாழ்ந்த நாளிலேயே, அவர் அருகிலிருந்தே, அதே வடிவத்தைக் கையாளத் துணிந்தவர் ரீஸ். அத்துணிவின் அருமையை முதலில் உணர்தல் வேண்டும்.

ரீஸின் தந்தை பான் நகரில் இளம் பீத்தோவனுக்கு வயலின் கற்பித்தவர். பீத்தோவனின் தாய் இறந்த காலத்தில் அக்குடும்பத்துக்குக் கைகொடுத்தவர். அந்த நன்றியை மறவாத பீத்தோவன், தம்மை நாடி வியன்னா வந்த இளைஞர் ரீஸை ஏற்றுப் பியானோ பயிற்றினார். ஆனால் இசையாக்கம் பயில அவரை ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் என்னும் வேறோர் ஆசிரியரிடம் அனுப்பினார். ஆகவே ரீஸ் பீத்தோவனிடம் இசையாக்கத்தைப் பாடமாகக் கற்றவர் அல்லர். அருகிருந்து கேட்டும் கண்டும் அறிந்தவர்.

பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனி ஒத்திகையின்போது நிகழ்ந்ததாக ரீஸே எழுதி வைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. முதற் பகுதியில், முதன்மை இசைக்கருத்து மீண்டும் வருவதற்குச் சற்று முன்னதாகவே ஒரு கொம்பு ஒலிக்கும். அது இயற்றியவர் வேண்டுமென்றே செய்தது. அருகில் நின்ற ரீஸோ, கொம்பூதுவோன் கணக்குத் தப்பிவிட்டான் என்று எண்ணி வாய்விட்டுக் கடிந்தார். பீத்தோவன் அவரைக் கன்னத்தில் அறையாத குறைதான். நெடுநாள் மன்னிக்கவும் இல்லை. இலக்கணம் அறிந்த செவி ரீஸினுடையது. இலக்கணத்தை மீறியும் அழகு காட்டவல்ல செவி பீத்தோவனுடையது. இருவர்க்கும் உள்ள வேறுபாடு இந்நிகழ்ச்சியிலேயே வெள்ளிடைமலையாக விளங்குகிறது.

இந்நிகழ்ச்சி இடம்பெற்ற நூல், வேகெலர் என்பாரோடு இணைந்து ரீஸ் எழுதிய பீத்தோவன் வாழ்க்கைக் குறிப்புகள். ரீஸ் மறைந்த 1838ஆம் ஆண்டிலேயே அது வெளிவந்தது. பீத்தோவனைப் பற்றி எழுதுவோர் அனைவரும் அந்நூலை எடுத்தாண்டனர். ஆசானைப் பற்றி அவர் எழுதிய உரைநடை வாழ்ந்தது. அவர் தாமே படைத்த இசை மறைந்தது. சாட்சி சொன்னவனின் சொல்லைப் போற்றி, அவன் வாழ்வை மறந்த கதையாயிற்று.

அவ்வாழ்வோ எளிதில் மறக்கத்தக்கது அன்று. சிறுவயதில் அம்மைநோயால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர் ரீஸ். 1805ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படையில் சேருமாறு அழைக்கப்பட்டபோது அக்குறையே அவரைக் காத்தது. பின்னர் உருசியா வரை சென்று இசை வழங்கினார். நெப்போலியனின் படையெடுப்பு அங்கு அவர் பயணத்தைக் குலைக்கவே, 1813ஆம் ஆண்டில் இலண்டனை அடைந்து பதினோராண்டுகள் அங்கே புகழுடன் வாழ்ந்தார். அந்நகரின் பில்ஹார்மோனிக் கழகத்துக்கும் பீத்தோவனுக்கும் இடையே பாலமாக நின்றவர் அவரே. அக்கழகத்தோடு நடந்த இத்தொடர்பு ஒன்பதாம் சிம்பொனியின் பிறப்போடு பிணைந்தது. அதே சிம்பொனியை 1825ஆம் ஆண்டில் ஆகன் நகரில் நடைபெற்ற கீழ் ரைன் இசைவிழாவில் ரீஸ் இயக்கி அரங்கேற்றினார். ஆசானுக்கு அவர் ஆற்றிய தொண்டு இத்தகையது.

இத்தகையவரின் சிம்பொனிகள் மறைந்தது ஏன்? அக்காலத்தில் பல்லிய இசை பெரும்பாலும் முழுப் படியாக அச்சேறாமல், கருவிதோறும் தனித்தனி ஏடுகளாகவே அச்சேறிற்று. அவ்வேடுகள் நூலக அடுக்குகளில் உறங்கத் தொடங்கினால் அவற்றைப் புரட்டிப் பார்த்து முழு இசையை உள்ளத்தில் கேட்பது அரிது. கேளாமலே தீர்ப்பு வழங்கப்பட்டது. வழங்கிய தீர்ப்பு வாய்வழியே பரவியது. 1977ஆம் ஆண்டில் சிசில் ஹில் ரீஸின் படைப்புகளுக்கு முறையான பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதன் பின்னரும் பல்லியத்தார் பலர் திரும்பிப் பார்த்தாரல்லர்.

1990களின் இறுதியில் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் ஜெர்மனியின் சி.பி.ஓ. நிறுவனம் எட்டுச் சிம்பொனிகளையும் நான்கு வட்டுகளாகப் பதிவு செய்து வெளியிட்டது. இசைத்தோர் சுவிட்சர்லாந்தின் சூரிச் அறையிசைக் குழுவினர். இயக்கியவர் ஹோவர்டு கிரிபித்ஸ். ரீஸ் என்னும் பெயர் ஓசை பெற்றது அன்றுதான் எனலாம்.

இவ்வட்டுகளைக் கேட்கப் புகுவோர் முதலில் அறியவேண்டியது, சிம்பொனிகளின் எண்வரிசை இயற்றிய வரிசை அன்று என்பதே. ஐந்தாம் சிம்பொனி எனப்படுவது 1813ஆம் ஆண்டிலேயே, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் முன்னரே, இயற்றப்பட்டது. எட்டாம் சிம்பொனி 1822ஆம் ஆண்டினது. 1835ஆம் ஆண்டில் எழுந்த ஏழாவதே இறுதியானது. எண்ணை நம்பி வளர்ச்சியை ஆராய்வோர் வழிதவறுவர்.

அந்த ஐந்தாம் சிம்பொனியே ரீஸின் மீது சாட்டப்படும் குற்றத்துக்கு முதற் சான்று. அதன் முதற் பகுதியில் மூன்று குறிலும் ஒரு நெடிலும் போன்ற சிறு ஒலிக்கோவை வருகிறது. 1808ஆம் ஆண்டில் அரங்கேறிய பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை அறிந்த எவர்க்கும் அது நினைவுக்கு வராமல் போகாது. ஒற்றுமையை மறுத்தல் நேர்மை ஆகாது. ஆனால் ஒற்றுமையைக் கண்டதோடு நின்றுவிடுதலும் திறனாய்வு ஆகாது. பீத்தோவன் அந்நான்கு ஒலிகளையே செங்கல்லாக அடுக்கி ஒரு மாளிகையை எழுப்புகிறார். ரீஸுக்கு அஃது ஒரு வாயில் மட்டுமே. உள்ளே நுழைந்தபின் அவர் உள்ளம் நீண்ட பண்ணிலும் காற்றுக் கருவிகளின் உரையாடலிலும் தோய்கிறது. ஒரே சொல்லை இருவர் ஆளலாம்; பொருள் ஒன்றாகிவிடாது.

ஆறாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் துருக்கியப் படை இசையை நினைவூட்டும் தாளக் கருவிகள் முழங்குகின்றன. கேட்போரை மகிழ்விப்பதை இழிவாகக் கருதாத இசைவாணரின் முகம் அங்கே தெரிகிறது. இம்முகம் ஆசானிடம் கடன்பெற்றது என்று சொல்ல எவராலும் இயலாது.

குறைகளும் இல்லாமல் இல்லை. சில பகுதிகளில் சொல்லவந்த கருத்து முடிந்த பின்னும் ஒலி நீள்கிறது. புயல் எழும் என்று எதிர்பார்த்த இடத்தில் முறையான மழையே பெய்கிறது. கொம்பை முந்தி நுழையவிடும் அந்தத் துணிவு ரீஸிடம் அரிது. இவற்றைப் பீத்தோவனின் சிம்பொனிகளுக்கு இணையென்று புகழ்வோர், புறக்கணித்தோரைப் போலவே ரீஸுக்குத் தீங்கு செய்வோர் ஆவர். ஏனெனில் அவர்களும் அவரை அவராகக் கேட்பதில்லை.

சூரிச் குழுவினர் சிறு குழுவினர் என்பது இவ்விசைக்கு வாய்ப்பாக அமைந்தது. வயலின்களின் பெருக்கில் மூழ்காமல் காற்றுக் கருவிகள் தெளிவாக ஒலிக்கின்றன. ரீஸின் வலிமை அவற்றில்தான் உள்ளது. ஆயினும் ஒரே ஒரு பதிவை மட்டும் கேட்கும்போது, கேட்கும் குறை இயற்றியவருடையதா இசைத்தவருடையதா என்று பிரித்தறிதல் கடினம். பின்லாந்தின் தாப்பியோலா சின்ஃபோனியெட்டா, யானே நிசோனெனின் இயக்கத்தில் முதலிரு சிம்பொனிகளைப் பின்னர்ப் பதிவு செய்தது அதனாலேயே போற்றத்தக்கது. ஒரு நூலுக்கு இரண்டாம் உரை எழும்போதுதான் முதல் உரையின் தன்மையும் விளங்கும். மீட்டெடுத்த இசைக்கும் இது பொருந்தும்.

ஒரு வகுப்பில் முதல் மாணவன் ஒருவன் இருப்பதனால் ஏனையோர் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடும் ஆசிரியர் எவரும் இலர். இசை வரலாறு எழுதினோர் சிலர் அதனைச் செய்தனர். ஒரு வரியில் ஒருவரை அடக்கும் பாடநூல்கள் எல்லாத் துறைகளிலும் உள. அந்த ஒரு வரி பொய்யாக இருக்கவேண்டுவதில்லை. ரீஸ் பீத்தோவனின் மாணாக்கர் என்பது முற்றும் உண்மையே. அவ்வுண்மை முடிவாகக் கொள்ளப்பட்டதுதான் பிழை. அது தொடக்கமாகக் கொள்ளப்பட்டிருக்க வேண்டும்.

குடத்துள் இருந்த விளக்கு இன்று வெளியே எடுத்து வைக்கப்பட்டுள்ளது. அது குன்றின்மேல் இட்ட விளக்கு அன்று. ஆயினும் தான் இருக்கும் அறைக்குப் போதிய ஒளியை அது தருகிறது. அவ்வறைக்குள் சென்று அமர்ந்து கேட்போர், அருகிருக்கும் பெரிய விளக்கின் உயரத்தையும் முன்னினும் நன்றாக அளந்தறிவர்.