தெருமுனைத் தொலைகாட்டி

வானம் யாவர்க்கும் பொது என்பது செவிக்கினிய வாசகம். ஆனால் தொலைகாட்டி எவர் கையிலிருந்தது, எம்மதிலுக்குள் நின்றது என்று வினவும்போதே அப்பொதுமையின் உண்மைநிலை புலப்படும். அவ்வினாவை வீதிக்குக் கொணர்ந்தவர் ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த ஜோன் டொப்சன் (1915–2014).

பேர்க்லியில் இரசாயனவியல் பயின்ற டொப்சன், 1944இல் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தின் மடத்திற் சேர்ந்து துறவியானார். கப்பற் சாளரக் கண்ணாடியைத் தேய்த்துக் குழிவாடியாக்கித் தொலைகாட்டி அமைத்தார். அயலவர்க்கு வானத்தைக் காட்டவென அடிக்கடி மடத்தை நீங்கிச் சென்றமையும் ஒரு காரணமாக, 1967இல் மடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டு, இளைஞர் இருவருடன் தெருவோர வானியலாளர் கழகத்தைத் தோற்றுவித்தார்.

அட்டைக் குழாய், ஒட்டுப்பலகைப் பெட்டி, தேய்த்தெடுத்த கண்ணாடி ஆகியனவே அவரது மூலதனம். கையால் உந்தினால் நகர்ந்து, விட்டால் நிற்கும் அவ்வமைப்பு, விலையுயர்ந்த பொறித் தாங்கிகளைத் தேவையற்றனவாக்கியது. அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை. ஆகவே, உலகெங்கும் தொழில்முறை சாரா வானியலாளர் அதனைத் தாமே செய்துகொள்ள முடிந்தது. சந்திரனும் சனியும் நகர வெளிச்சத்திலும் தெரிவன. எனவே அவர் மலையுச்சியை நாடாது, மக்கள் நடமாடும் தெருமுனையிலேயே கருவியை நிறுத்தினார்.

வான்காட்சி இரவுகள் பலவற்றில் மக்கள் வரிசையில் நிற்கின்றனர், அரைநிமிடம் சனியின் வளையத்தைக் கண்டு வியக்கின்றனர், கலைந்து செல்கின்றனர். இது வேடிக்கையேயன்றி அறிவன்று. டொப்சனோ ஆடி தேய்க்கும் வகுப்புகளையும் நடத்தினார். பார்வையாளன் ஆக்குவோனாக மாறுதலே அவரது இயக்கத்தின் முற்போக்கான சாரம்.

எனினும் அவரிடத்தே ஒரு முரண்பாடும் உண்டு. பெருவெடிப்புக் கொள்கையை மறுத்த அவர், பௌதிகவியலுக்கு வேதாந்தத்தில் அடிப்படை தேடினார். ஆனால் 1964இல் பென்சியாசும் வில்சனும் வானொலி உணர்கொம்பின் வழியே கண்டறிந்த அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு, அக்கொள்கைக்கு வலிய சான்றாயிற்று. அதனை எந்தத் தெருமுனைத் தொலைகாட்டியும் கண்ணுக்குக் காட்டாது. கண்டதை நம்பு என்பது குருட்டு நம்பிக்கைக்கெதிரான முதற்படி, விஞ்ஞானத்தின் முழுமையன்று. அளத்தல், ஒப்பிடுதல், பிறரது அளவீட்டைச் சோதித்தல் என்பனவும் அதன் கூறுகளே.

ஆதலால் கருவியைப் பொதுவுடைமையாக்குதல் மட்டும் போதாது. சான்றை எடைபோடும் முறையும் பொதுவுடைமையாதல் வேண்டும். இல்லையேல் தொலைகாட்டியருகே நின்று விளக்கமளிப்பவர் புதிய பூசகராகிவிடுவார். அத்தகைய இரவை நடத்தும் ஆசிரியர், வந்தோர் தொகையைக் கணக்கிட்டு மனநிறைவு கொள்ளலாகாது. வரிசையில் நின்ற மாணவன் சனியைக் கண்டபின், "இது இவ்வளவு தொலைவிலுள்ளதென எவ்வாறு அறிந்தீர்கள்?" என்று கேட்கின்றானா? அக்கேள்விக்குக் கட்டளையாக அன்றி, காரணங்காட்டி விடை பகரப்படுகின்றதா? டொப்சனின் பணியைத் தொடர விழைவோர் முதலில் எழுப்ப வேண்டிய வினாக்கள் இவை.