கடைசி சீசனும் கேரி ஸ்பெஷலும்

கனடாவின் கம்லூப்ஸ் பக்கத்து மலை ஏரிகள் என்றாலே எல்லாரும் ஜூன் மாதத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். கைரோனமிட் பூச்சிகள் கொத்துக்கொத்தாக மேலேறும் நாட்களில் ட்ரௌட்டுக்கு வேறு நினைப்பே கிடையாது. அந்தப் பூச்சி போலக் கட்டிய ஃப்ளையைச் சரியான ஆழத்தில் தொங்கவிட்டால் போதும். எனக்கு வேண்டியது சீசனின் கடைசி. மேல்நீர் குளிர்ந்து, கனத்து இறங்கி, ஏரி புரளும். அடிச்சேற்றின் அழுகல் வாடையோடு ஓரிரு வாரம் யாருக்கும் எதுவும் கொடுக்காமல் கிடந்துவிட்டுப் பிறகு தெளியும். பனிக்கட்டி மூடுவதற்குள் வயிற்றை நிரப்பிக்கொள்ள ட்ரௌட் கரையோரத்து ஆறடி, எட்டடி நீருக்கு வந்துவிடும். அப்போது நரம்பின் நுனியில் இருக்க வேண்டியது கேரி ஸ்பெஷல் என்ற ஃப்ளைதான்.

1930களில் பால் ஏரியில் வழிகாட்டியாக இருந்த பில் நேஷன் தும்பிகளுக்கென்றே ஃப்ளை கட்டிய மேதை. யார் மறுப்பார்கள்? ஆனாலும் கர்னல் கேரியின் பெயர் தாங்கிய இந்த முரட்டு ஃப்ளைக்கு முன்னால் நேஷனின் நேர்த்தி எனக்கு இரண்டாம் பட்சமே. கேரி ஸ்பெஷலின் உயிர் முழுக்க ஃபெசன்ட் கோழியின் பின்முதுகு இறகில் இருக்கிறது. இழைகள் முள்ளின் வளைவையும் தாண்டி நீண்டிருக்க வேண்டும். கயிற்றை விரல்களில் சுருட்டி இழுக்கும்போது அவை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நிறுத்தியதும் குடைபோல விரியும். படகோரத்துத் தெளிநீரில் இரண்டடி ஆழத்தில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தும்பிப் புழு பின்புறத்தால் தண்ணீரைப் பீய்ச்சி விட்டுவிட்டுப் பாய்கிறதே, அச்சு அசல் அதே நடை. பெரிய தும்பிகளின் புழு சில வருடங்கள் நீரிலேயே வளர்வதால், மற்றப் பூச்சிகள் ஓய்ந்த பிறகும் ட்ரௌட்டுக்கு அது பழகிய தீனி.

மிதவை கட்டி உட்கார்ந்திருப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என்னைவிட அதிகம் பிடிக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீன் கடித்ததைக் கண்ணால் பார்ப்பது வேறு, விரலில் வாங்குவது வேறு. அதிலும் பென்னாஸ்க் வம்சத்து ட்ரௌட் என்றால், கேரியைக் கவ்விய மறுநொடி கயிறு ஒரு பக்கம் கிடக்க, மீன் இன்னொரு பக்கம் ஆகாயத்தில் நிற்கும். மீனைத் தின்று கொழுக்கும் பிளாக்வாட்டர் வம்சம்தான் உசத்தி என்பவர்கள் அந்தத் துள்ளலை அனுபவித்திருக்க மாட்டார்கள்.

ஏரிகளும் மீன்பிடிப்பும் பழையபடி இல்லை. பால் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940களில் ரெட்சைட் ஷைனர் என்ற பொடிமீன் அங்கே புகுந்து, ட்ரௌட்டின் பூச்சித் தீனிக்குப் பங்குக்கு வந்தது. நேஷன் காலத்து மீன்பிடிப்பு பழங்கதையாயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது படகுக்குப் படகு சோனார் திரை. ஏரியின் மேல் ஒரு பார்வையாவது விழ வேண்டாமா? நாணல் ஓரத்தில் எழும் சுழிப்பைப் பார்க்காமல் திரையில் புள்ளி தேடுகிறார்கள்.

எனக்கு முதலில் படகு ஓட்டிய கிழவர் கடை ஃப்ளைகளைத் தொடவே மாட்டார். அவர் கோபத்தின் நியாயம் இன்று கடைக்குப் போனால் தெரிகிறது. கேரி என்று விற்பதில் இறகு குட்டை, விறைப்பு. போதாக்குறைக்குத் தலையில் ஒரு பித்தளை மணி. அடர்த்தியாக இருந்தால் வாங்குகிறவருக்குப் பிடிக்கும் என்று நாலைந்து சுற்று வேறு. அவ்வளவு இறகு இருந்தால் நீரில் எதுவும் ஒடுங்காது, எதுவும் விரியாது. இரண்டு சுற்று போதும். இறகு ரொம்ப மெலிந்திருந்தால் மூன்று.