செவிக்காகப் பெயர்க்கப்பட்ட திருமறை

ஜெர்மன் மொழியில் திருமறையைப் பெயர்க்க முற்படும் எவரும் லூத்தருக்குப் பின் எழுதுகிறோம் என்பதை மறக்க இயலாது. யூதராகிய மார்ட்டின் பூபரும் பிரான்ஸ் ரோசன்ஸ்வைக்கும் இதனை நன்கு அறிந்திருந்தனர். 'நானும் நீயும்' என்னும் நூலின் ஆசிரியராகப் பூபரை நம் இறையியல் மாணவர் அறிவர். 1925ஆம் ஆண்டில் நண்பருடன் தொடங்கி, 1961ஆம் ஆண்டில் தனியே முடித்த அவருடைய எபிரெய மறை மொழிபெயர்ப்பைக் கற்றோர் நம்மிடையே மிகச் சிலரே.

அதன் போக்கை விளங்கிக்கொள்ள மோசே மெண்டல்சோன் காலத்திற்குச் செல்லவேண்டும். அவர் 1780 முதல் 1783 வரை பெர்லினில் ஐந்தாகமங்களை ஜெர்மனில் பெயர்த்து, எபிரெய எழுத்திலேயே அச்சிட்டார். யூத இளைஞர் தமக்குத் தெரிந்த எழுத்தின் வழியே தெரியாத இலக்கிய ஜெர்மனைக் கற்றனர். வேதம் ஜெர்மன் மொழிக்குப் பணிப்பெண் ஆகிவிடுமே என்று பிராகா நகர ரபி எசேக்கியேல் லண்டாவ் அஞ்சினார். அவ்வச்சம் முற்றும் வீணன்று. சில தலைமுறைகளுக்குள் கேத்தேயும் ஷில்லரும் யூதரின் வீட்டு நூல்களாயினர். எபிரெயமோ அவர்களுள் பலருக்கு அந்நிய மொழியாயிற்று.

அந்தப் பயணத்தைத் திருப்ப முயன்றதே பூபர், ரோசன்ஸ்வைக் இருவரின் பணி. பணி தொடங்கியபோது ரோசன்ஸ்வைக் தசைகள் செயலிழக்கும் கொடுநோயினால் பேச்சையும் எழுத்தையும் இழந்திருந்தார். அவர் குறிப்பால் உணர்த்திய எழுத்துகளை மனைவி எடித் ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொற்களாக்கினார். வாய் பேச இயலாத ஒருவர், மறை கண்ணுக்கன்று, செவிக்கே உரியது என்று வாதாடியதை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகிறது. எபிரெயர் மறையைக் குறிக்கும் 'மிக்ரா' என்னும் சொல்லில் உரக்கக் கூப்பிடுதல் என்ற பொருள் உண்டு. ஆகவே ஒரு மூச்சில் சொல்லத்தக்க அளவே ஒரு வரியாக அமைத்தனர்.

மூலத்தில் ஒரே வேர்ச்சொல் மீண்டும் வந்தால் பெயர்ப்பிலும் அது மீண்டும் ஒலிக்க வேண்டும் என்பது அவர்தம் மற்றொரு விதி. யாக்கோபின் வரலாற்றைப் பாருங்கள். ஆதியாகமம் 27:35இல் ஈசாக்கு இளைய மகனின் செயலைக் குறிக்கும் சொல்லும், 29:25இல் யாக்கோபு லாபானைக் கேட்கும் சொல்லும் ஒரே வேரின. ஏமாற்றியவன் ஏமாற்றப்பட்டான் என்று கதாசிரியர் எங்கும் உரைப்பதில்லை. அந்தச் சொல்லே தீர்ப்பாகிறது. லூத்தர் இரண்டிடத்தும் வெவ்வேறு சொற்களை இட்டார். நம் பழைய திருப்புதலிலும் முன்னது 'தந்திரம்', பின்னது 'வஞ்சகம்'. பிரசங்க பீடத்தினின்று இவ்விரு அதிகாரங்களையும் வாசிக்கும் ஆயரின் சபை அத்தீர்ப்பைக் கேளாமலே வீடு திரும்புகிறது. பூபரும் ரோசன்ஸ்வைக்கும் ஒரே வேரை ஈரிடத்தும் நிறுத்தினர். நாம் 'ஆசரிப்புக் கூடாரம்' என்பதை அவர்கள் 'சந்திப்பின் கூடாரம்' என்றே பெயர்த்தனர், எபிரெயமும் அதுவே. பலியைக் குறிக்கும் 'கொர்பான்' நெருங்குதல் என்னும் வேரினின்று வந்ததாகலின், அதற்கு அண்மை தொனிக்கும் புதுச்சொல்லையே ஆக்கிக்கொண்டனர்.

இங்கேதான் குறையும் உள்ளது. 1926ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நாளிதழில் சீக்பிரீட் கிரக்கவர் கடுமையாகத் தாக்கினார். இந்நடை வாக்னரின் இசை நாடகங்களைப் போலப் பழமை வேடம் பூண்டுள்ளது, நிகழ்காலத்தின் துன்பங்களுக்கு முகங்கொடாமல் விலகுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. புதுச்சொற்களுள் சில தொண்டையில் சிக்குகின்றன என்பதை நானும் மறுக்கவில்லை. லூத்தரின் மொழி சந்தைத் தெருவில் பிறந்தது. இதுவோ கல்விக்கூடத்து மொழி. ஆயினும் நிகழ்காலத்தைப் பற்றிக் கிரக்கவர் கூறியதை ஏழே ஆண்டுகள் கழித்து வரலாறு பொய்யாக்கிற்று.

1921ஆம் ஆண்டிலேயே ஆர்னாக், மார்சியோனைப் பற்றிய தம் நூலில், பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பின்னும் புரொட்டஸ்தாந்து சபை பழைய ஏற்பாட்டைத் திருமுறையாக வைத்திருப்பது சமய முடக்கத்தின் விளைவு என்று எழுதினார். அவரது கருத்து கல்வியாளருடையது. பின்வந்தோர் அதனை வேறு கைகளில் ஏந்தினர். 1933 நவம்பர் 13ஆம் நாள் பெர்லின் விளையாட்டரங்கில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் முன்னிலையில், 'ஜெர்மன் கிறிஸ்தவர்' இயக்கத்தின் ரைன்ஹோல்ட் கிரவுசே பழைய ஏற்பாட்டினின்று சபை விடுதலை பெறவேண்டும் என்று முழங்கினார். குருமார் பலர் வெகுண்டு எதிர்த்தனர் என்பதும் உண்மை. அதே 1933இல், அதே பெர்லினில், ஷோக்கன் பதிப்பகம் தன் சிறுநூல் வரிசையைத் தொடங்கிற்று. முதல் நூல் ஏசாயா 40 முதல் 55 வரை, இவ்விருவரின் பெயர்ப்பில். வேலையும் குடியுரிமை மதிப்பும் பறிபோன குடும்பங்கள், பாபிலோனில் சிறையிருந்தோருக்கு உரைத்த ஆறுதலைத் தங்கள் சொந்த ஜெர்மனில் வாசித்தனர். எபிரெயம் மறந்தோர்க்கு எபிரெயத்தின் ஓசை அவ்வாறு மீண்டது. 1929 டிசம்பரில் ரோசன்ஸ்வைக் இறந்தபோது இருவரும் ஏசாயா 53ஆம் அதிகாரத்தை எட்டியிருந்தனர் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

1938 இறுதியில் அப்பதிப்பகம் மூடப்பட்டது. வரிசையில் எண்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் வெளிவந்திருந்தன. வாசகருள் தப்பியோர் சிதறினர், மற்றையோர் கொல்லப்பட்டனர். 1961இல் எருசலேமில் பூபரின் பணி நிறைவைக் கொண்டாட நண்பர்கள் கூடினர். ஜெர்மானியருக்கு யூதர் விட்டுச்செல்லும் கொடையாகத் தொடங்கியது இப்போது கல்லறைக் கல்லாய் நிற்கிறது, இதனை யார் வாசிப்பார் என்று கெர்ஷோம் ஷோலம் அக்கூட்டத்திலேயே கேட்டார். வாழ்த்த வந்த இடத்தில் கேட்கத்தகாத கேள்வி என்று அதனைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஜெர்மன் நாட்டில் இன்று அதனைக் கையிலெடுப்போருள் கிறிஸ்தவ இறையியல் மாணவரும் உளர். தங்களுக்கென்று பெயர்க்கப்படாத ஒரு மறையை, அதற்குரியோர் இல்லாத வீட்டிலிருந்து எடுத்து அவர்கள் உரக்க வாசிக்கின்றனர்.