விலை, வலு, கைப்பிடி: வீடியோ விளையாட்டுப் பொறிகளின் சந்தை பற்றிய ஒரு மறுநோக்கு

வீடியோ விளையாட்டுப் பொறிகளின் விற்பனையை விளக்க முற்படுவோர் பொதுவாக மூன்று காரணிகளைச் சுட்டுவர். விலை குறைந்திருத்தல், பொறியின் வலு மிகுந்திருத்தல், கையாளும் கருவி புதுமையுடையதாய் இருத்தல் என்பன அவை. இம்மூன்றும் ஒரே தன்மையனவா, எல்லா நாட்டிலும் ஒரே வகையிலேயே தொழிற்படுவனவா என்னும் வினா போதியளவு எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவைக் கண்டியில் நின்று எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வலுவை எடுத்துக்கொள்வோம். 1989 இல் நின்டென்டோவின் கேம் போய் ஒருநிறத் திரையுடன் ஏறத்தாழ 90 டொலருக்கு வெளிவந்தது. அதே ஆண்டில் அட்டாரி வெளியிட்ட லிங்ஸ் வண்ணத் திரையும் மிகுந்த வலுவும் உடையது. விலையோ அதன் இருமடங்கு. மின்கலங்களையும் அது விரைவில் விழுங்கிற்று. கேம் போயும் அதன் வண்ண வழித்தோன்றலும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்பனையாயின. லிங்ஸ் அதன் அருகிலும் வர இயலவில்லை. கேம் போயை உருவாக்கியோருள் முதன்மையானவரான குன்பேய் யொக்கொய், பழகி மலிந்த தொழினுட்பத்தைப் புதிய பயனுக்குத் திருப்புதலையே தம் கோட்பாடாகக் கொண்டவர். எனவே, வலு தன்னளவில் வெற்றியைத் தருவதில்லை எனலாம்.

கைக்கருவியின் புதுமையோ சற்றுச் சிக்கலானது. 2006 இல் வெளிவந்த வீ, போட்டிப் பொறிகளிலும் வலுக் குறைந்தது. எனினும், கையை வீசி ஆடும் அதன் கருவி, பொத்தான்களைக் கண்டு அஞ்சிய முதியோரையும் ஆட்டத்துக்குள் ஈர்த்தது. 250 டொலர் விலையில் அது 10 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. 500, 600 டொலர் விலைகளில் தொடங்கிய பிளேஸ்டேஷன் 3 இறுதியில் ஏறத்தாழ 8.7 கோடியை எட்டியது. ஆனால், அதே நின்டென்டோ 2012 இல் திரை பொருந்திய கைக்கருவியுடன் கொணர்ந்த வீ யூ 1.4 கோடியையும் எட்டவில்லை. மைக்ரோசொப்ட் 2013 இல் எக்ஸ்பொக்ஸ் வன்னுடன் கினெக்ட் உணர்கருவியைக் கட்டாயமாக இணைத்து 500 டொலர் கேட்டது. பிளேஸ்டேஷன் 4 இன் விலையோ 400 டொலர். அடுத்த ஆண்டிலேயே கினெக்ட் இன்றியும் பொறி விற்கப்பட்டது. புதுமை, ஆடுவோர் வட்டத்தை விரிக்குமிடத்து விற்பனைக்கு உதவும். விலையை மட்டும் உயர்த்துமிடத்துச் சுமையாகும் என்பது இவற்றாற் பெறப்படும்.

இதுவரை கூறியவை யாவும் டொலர்க் கணக்கு. இங்கேதான் வழமையான ஆய்வின் குறைபாடு தென்படுகிறது. விலை என்பது பெட்டியில் ஒட்டிய எண்ணன்று. அதனைப் பெறுதற்கு ஒருவர் விற்கவேண்டிய உழைப்பு நாட்களின் தொகையாகும். 2020 இல் வெளிவந்தபோது பிளேஸ்டேஷன் 5 இன் விலை 500 டொலராக இருந்தது. அமெரிக்க மத்திய அரசின் ஆகக்குறைந்த ஊதியமான மணிக்கு 7.25 டொலரைப் பெறும் ஒருவர்க்கு அது ஏறத்தாழ 69 மணி நேர உழைப்பு. இலங்கையில் 2021 இல் பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. அன்று டொலர் ஏறத்தாழ 200 ரூபா. ஆகவே கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் கொழுந்து பறிக்கும் ஒருவர்க்கு அப்பொறி 100 நாள் உழைப்பு. 2022 இல் டொலர் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தபோது அது 180 நாளாயிற்று. வரியும் வணிகர் இலாபமும் இக்கணக்கிற் சேரவில்லை. பொறியின் வலு மாறவில்லை, கைக்கருவி மாறவில்லை, அமெரிக்கச் சந்தையில் அதன் விலையும் அவ்வாண்டில் மாறவில்லை. மாறியது எமது நாணயத்தின் பெறுமதியே. மூன்று காரணிகளைக் கொண்ட விளக்கத்தில் இதற்கு இடமில்லை.

ஆடம்பரப் பொருளொன்றைத் தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தால் அளத்தல் முறையோ எனச் சிலர் வினவலாம். விற்பனைக் கணக்கு, வாங்கியோரின் விருப்பத்தை மட்டுமே பதிவு செய்கிறது. வாங்க இயலாதோர் விருப்பமற்றோராகவே அதிற் கொள்ளப்படுகின்றனர். இயலாமையை விருப்பமின்மையாகக் காட்டும் கணக்கைத் திருத்துதற்கு இத்தகைய அளவுகோல் வேண்டியதாகும். 2009 இல் ஐதராபாத்தில் ஆக்கப்பட்ட 'ஹனுமான்: போய் வொரியர்' என்னும் விளையாட்டு, பிளேஸ்டேஷன் 3 வெளிவந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும், பழைய பிளேஸ்டேஷன் 2 க்கே ஆக்கப்பட்டமை இவ்விடத்து மனங்கொளத்தக்கது. எமது பிராந்தியத்திற் காலத்தால் முந்திய பொறி, சந்தையால் முந்தியதாகாது.

இன்று எமது மாணவர் பெரும்பாலும் ஆடுவது கைத்தொலைபேசியிலாகும். 2020 இற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்வியின் பொருட்டுப் பல குடும்பங்கள் கடன்பட்டேனும் அதனை வாங்கின. விளையாட்டு அதனுள் விருந்தாளியாக வந்து சேர்ந்தது. வலுவில் அது கொன்சோலுக்கு ஈடாகாது. அதற்கெனத் தனியான கைக்கருவியும் இல்லை. எனினும் விளையாட்டுக்கென வேறு பணம் கோராமையே அதன் வெற்றிக்குக் காரணமாகும்.

சுருங்கக் கூறின், எவரெவர் சந்தைக்குள் நுழையலாம் என்பதை விலை தீர்மானிக்கிறது. வலுவும் கைக்கருவியும் நுழைந்தோரிடையே தெரிவை வகுக்கின்றன. அரிதாகவே, வீயைப் போல, ஒரு கைக்கருவி அவ்வாயிலை அகலத் திறக்கிறது. ஆயினும் வாயிலுக்கு வெளியே நிற்போரையும் கணக்கிற் கொள்ளாத எவ்வாய்வும் எம்மைப் பொறுத்தவரை பாதி ஆய்வே.